நம் வீட்டு ஹாலில் நீ கேட்ட கேள்வி

தம்பி,

வெள்ளிக்கிழமைக்குள் தமிழைச் சரிபார்த்து அனுப்பச் சொல்லி நீ கொடுத்த அறிக்கை என் மேஜைமேல் இருக்கிறது. படித்துவிட்டேன். அதைத் திருப்பி அனுப்புவதற்கு முன் இந்தக் கடிதத்தை எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். போனில் பேசலாம்தான். ஆனால் போனில் நான் ஒரு விஷயத்தைத் தொடங்கி நடுவுக்கு வரும்போது உனக்கு இன்னொரு அழைப்பு வந்துவிடுகிறது. கடிதத்துக்கு அந்தத் தொந்தரவு இல்லை. இது உனக்கு எழுதுவதுதான் என்றாலும் இதில் ஒளிக்க எதுவும் இல்லை. உன் அலுவலகத்தில் தமிழ் படிக்கத் தெரிந்தவர்கள் படிக்கட்டும்; தெரியாதவர்களுக்கு நீ படித்துச் சொல். சொல்லும்போது எதையும் விட்டுவிடாதே.

மாடியில் குடியிருந்த செல்வி திங்கட்கிழமை திருப்பூருக்குப் போய்விட்டாள். இதை முதலிலேயே சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. போன மாதம் நான் இந்தக் கூலிப் பேச்சை எடுத்தபோது, "அம்மா, நீங்க செல்விக்காகப் பேசுறீங்க. அவ போயிட்டா தனியா இருக்கணுமேன்னு பயப்படுறீங்க" என்றாய். மெதுவாகத்தான் சொன்னாய், கோபமில்லாமல். அதில் உண்மையும் இருந்தது. அதனால்தான் அதற்குமேல் நான் வாயைத் திறக்கவில்லை. சொந்த லாபத்துக்காகப் பேசுகிறவள் என்ற பெயரை இந்த வயதில் என் மகனிடம் வாங்க எனக்கு விருப்பமில்லை. இப்போது மாடி பூட்டிக் கிடக்கிறது. அவள் வேலை பார்த்த தையல் கம்பெனியில் இனி எனக்கென்று யாரும் இல்லை. ஆகவே நான் சொல்வதில் என் பயத்தைத் தேடாமல், சொல்வதை மட்டும் படி.

நீ இங்கே வரும் நாட்களில் இந்த வீடு வேறு மாதிரி இருக்கும். டிவி ஓடும், இரண்டு வேளை சமைப்பேன், உன்னைப் பார்க்க யாராவது வந்துபோவார்கள். நீ இல்லாத நாள் எப்படிப் போகிறது என்று உனக்குத் தெரியாது. காலையில் கம்பெனி வேன் நம் கேட்டுக்கு எதிரில்தான் நிற்கும். தெருவில் வண்டி திரும்புவதற்கு அகலமான இடம் அதுதான். அதற்கு முன்பே பெண்கள் ஒவ்வொருவராக வந்து கூடிவிடுவார்கள். ஆரம்பத்தில் எனக்கு அது எரிச்சலாக இருந்தது. அந்த இரைச்சலும், கேட்டில் தொங்கவிடும் சாப்பாட்டுப் பைகளும், சுவரோரம் உதிர்த்துவிட்டுப் போகும் பூக்காம்புகளும் பிடிக்கவில்லை. வேன் டிரைவரைக் கூப்பிட்டுக் கண்டித்தேன். பிறகு எப்போது என்று தெரியவில்லை, வேன் வருவதற்கு முன் குளித்து முடித்து, ஜன்னலோரம் பேப்பரோடு உட்காரப் பழகிவிட்டேன். நான் பேப்பர் படிப்பதாக அவர்கள் நினைத்திருப்பார்கள். மாலையில் செல்வி மாடிக்கு ஏறுமுன் சமையலறை வாசலில் வந்து நிற்பாள், தலையெல்லாம் பஞ்சுத் தூசியோடு. ஒரு டம்ளர் டீ குடித்துக்கொண்டே அன்றைய நாளைச் சொல்வாள். எந்த லைனில் காலர் கோணலாகப் போனது, எந்தச் சூப்பர்வைசர் யாரைத் திட்டினான், யார் பாத்ரூமில் போய் அழுதாள் எல்லாம் சொல்வாள். நான் 'ம்' போடுவேன். பல நாட்களில் இந்த வீட்டில் கேட்ட மனிதக் குரல் அது ஒன்றுதான்.

நீ இந்த வேலையில் சேர்ந்தபோது, சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து எனக்கு விளக்கியது நன்றாக நினைவிருக்கிறது. சட்டம் சொல்லும் குறைந்தபட்சக் கூலி வேறு, வாழ்வூதியம் வேறு என்றாய். ஒரு பெண் ஓவர்டைம் பார்க்காமல், வழக்கமான நேரம் மட்டும் வேலை செய்து வாங்கும் சம்பளத்தில் அவள் குடும்பம் சத்தாகச் சாப்பிட வேண்டும், மானமாக ஒரு வீட்டில் இருக்க வேண்டும், பிள்ளை படிக்க வேண்டும், உடம்புக்கு வந்தால் வைத்தியம் பார்க்க வேண்டும், எதிர்பாராததற்குக் கொஞ்சம் மிஞ்ச வேண்டும் என்றாய். எங்கள் சட்டையைத் தைக்கிற ஒவ்வொருவருக்கும் அது கிடைக்கச் செய்வோம் என்று சட்டை விற்கும் எங்கள் கம்பெனி உலகத்துக்கே வாக்குக் கொடுத்திருக்கிறது, அது நடக்கிறதா என்று பார்ப்பதுதான் என் வேலை என்றாய். எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது என்று உன்னிடம் சொல்லவில்லை. காரியாபட்டிக் கல்யாணத்தில் உன் அத்தை, "மகன் ஜவுளிக்கடையில மேனேஜராமே மதினி?" என்று கேட்டபோது, எல்லாவற்றையும் அவளுக்கு எடுத்துச் சொன்னேன். முழுவதையும் கேட்டுவிட்டு, "அப்ப கடை இல்லையா? சேலை கம்மி வெலைக்குக் கெடைக்கும்னுல நெனச்சேன்" என்றாள். அவளை மன்னித்துவிட்டேன்.

சித்திரையில் நீ அந்தக் கூட்டத்துக்கு நாள் குறித்தாய். பந்தல்குடி சாலையில் இருக்கும் இந்தக் கம்பெனிதான் உங்களுக்குச் சட்டை தைக்கிறது என்பது தெரிந்ததும் உனக்கு ஒரே சந்தோஷம். சம்பளம் போதுகிறதா என்று சொந்த ஊர்ப் பெண்களிடம் நானே கேட்கிறேன் என்றாய். கம்பெனிக்குள் வைத்துக் கேட்டால் சூப்பர்வைசருக்குப் பயந்து பேச மாட்டார்கள், பயமில்லாத இடத்தில் வைத்துத்தான் கேட்க வேண்டும் என்பது உங்கள் விதி. "நம்ம வீட்டை விட நல்ல இடம் வேற எதும்மா?" என்றாய். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஞாயிற்றுக்கிழமை காலை ஹாலைக் கழுவிவிட்டு, பக்கத்து வீட்டிலிருந்து நாற்காலிகள் வாங்கிப் போட்டு, கேசரியும் உளுந்த வடையும் செய்தேன். உன்னோடு பெங்களூரிலிருந்து வந்த பெண் தமிழ் தெரியாதவள். நீ மொழிபெயர்த்துச் சொல்லச் சொல்ல, மடியில் வைத்திருந்த டேப்லெட்டில் தட்டிக்கொண்டிருந்தாள். வேனுக்கு நிற்கும்போது நைந்த சுடிதாரில் பார்த்த பெண்கள் அன்றைக்கு நல்ல சேலை கட்டி, பூ வைத்து வந்திருந்தார்கள். செல்வி மாடியிலிருந்து இறங்கி வருவதற்கே கல்யாணங்களுக்குக் கட்டும் சேலையைக் கட்டியிருந்தாள். எல்லோருக்கும் என் கையாலேயே தட்டில் வைத்துக் கொடுத்தேன். எவர்சில்வர் டம்ளரில் காப்பி கொடுத்தேன்.

வாரத்தில் எத்தனை நாள் கறி, மீன், முட்டை என்று நீ கேட்டாய்.

"ஞாயித்துக்கெழம தவறாது தம்பி. ஆட்டுக்கறிதான். எங்க வீட்டுக்காரவுகளுக்குக் கோழி ஆகாது" என்றாள் பாண்டியம்மா, அவர்களில் மூத்தவள்.

"நாங்க பொதங்கெழமையும் மீன் எடுப்போம்" என்றாள் முத்துலட்சுமி.

"எம் பிள்ளைக்குத் தெனம் ஒரு ஆப்பிள் குடுத்துருவேன்" என்றாள் செல்வி. நான் வடைத் தட்டோடு அப்படியே நின்றுவிட்டேன்.

எதில் சமைக்கிறீர்கள் என்று கேட்டாய். எல்லோரும் சேர்ந்து கேஸு என்றார்கள். சம்பளம் மாதக் கடைசி வரைக்கும் போதுகிறதா என்று கேட்டாய். பாண்டியம்மா கையில் இருந்த வடையைப் பார்த்தாள். பிறகு, "போதும் தம்பி. மிச்சங்கூட இருக்கும்" என்றாள். மற்றவர்கள் தலையாட்டினார்கள். பெங்களூர்ப் பெண் தட்டிக்கொண்டாள்.

அவர்கள் போனபின் கேட்டைச் சாத்தப் போனேன். எதிரில் வேன் நிற்கும் இடத்தில் நின்று ஒருத்தியை ஒருத்தி இடித்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"ஏ செல்வி, தெனம் ஆப்பிளாடி? எந்த மரத்துல காய்க்குது, ஒங்க மாடியிலயா?"

"நீங்க மட்டும் என்னக்கா, ஆட்டுக்கறி தவறாதாம்ல. அண்ணனுக்குக் கோழி ஆகாதா, கோழிக்கு அண்ணன் ஆகாதா?"

"சும்மா இரு பிள்ள. உள்ள கேக்கப்போகுது."

கேட்டுக்குப் பின்னால் நின்று நானும் சிரித்தேன். பெண்கள் நாலு பேர் முன்னால் கொஞ்சம் கூட்டிச் சொல்வது வழக்கம்தானே என்று விட்டுவிட்டேன். ஆனால் அது கணக்காகி, பெரிய இடத்துக்குப் போய்விடும் என்பது அன்று மாலைதான் உறைத்தது. மறுநாள் செல்வி டீக்கு வந்தபோது, ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டேன்.

"பின்ன என்னம்மா சொல்லச் சொல்றீக? ஹால்ல சேரு போட்டு உக்கார வச்சு, வடை குடுத்து, காப்பி குடுத்து, பத்துதான்னு கேட்டா, கையில வடைய வச்சுக்கிட்டுப் பத்தலைன்னு சொல்ல முடியுமா? கையேந்துன மாதிரி ஆகாதா?"

"அவன் கம்பெனிக்காகத்தானே கேட்டான்."

"கேட்டது கம்பெனிக்கு. எடம் ஒங்க வீடுல்ல" என்றாள். பிறகு டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, "இங்க வந்து பத்தலைன்னு சொன்னேன்னு தெரிஞ்சா எங்கம்மா என்னைய வீட்டுக்குள்ளயே விடாது" என்றாள்.

உனக்கு இது விளங்காது. விளங்காதது உன் குற்றமில்லை. எங்கள் புஞ்சைக் காலத்தில் நீ விடுதியில் படித்துக்கொண்டிருந்தாய். திருச்சுழிப் பக்கத்துக் கரிசல் நிலத்தில் உன் அப்பா பருத்தி போட்ட வருடங்களில், எடுப்புக்கு வரும் பெண்களுக்குக் கூலி காசாகக் கொடுப்பதில்லை. எடுத்த பருத்தியில் ஒரு பங்கு கொடுப்பதுதான் வழக்கம். சாயங்காலம் எல்லோரும் பின்வாசலில் பருத்தியைக் கொட்டிவிட்டு நிற்பார்கள். உன் அப்பாதான் கையால் அள்ளி அள்ளிப் பங்கு பிரித்து அவரவர் துணியில் போடுவார். செல்வியின் அம்மா இருளாயி அவர்களில் ஒருத்தி. மழை சரியாக இல்லாத ஒரு வருடம் அவள், "இன்னும் ஒரு கை போடுங்கய்யா. பத்தல" என்றாள். அவர் கருமி இல்லை, உனக்குத் தெரியும். ஒரு கைக்கு இரண்டு கையாகப் போட்டார். போட்டுக்கொண்டே, "இந்தா பிடி. ஒனக்கு எப்பத்தான் பத்தியிருக்கு, ஒனக்கு எதுவுமே பத்தாது" என்றார். வேடிக்கையாகத்தான் சொன்னார். நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். இருளாயி துணியை முடியவில்லை. அதிகமாகப் போட்ட பருத்தியை மட்டுமல்ல, அன்றைய கூலி முழுவதையும் குவியலில் கொட்டி, துணியை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டாள். சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்த எனக்கு அது திமிராகப் பட்டது. உன் அப்பா அவள் பங்கை ஆள்வசம் அனுப்பினார். எங்க வீட்டுல பருத்தி இருக்குன்னு சொல்லு என்று திருப்பி அனுப்பிவிட்டாள். அதற்குப் பிறகு அவர் பங்கு பிரிக்க நிற்கவே இல்லை, கணக்குப்பிள்ளையிடம் விட்டுவிட்டார். ஏன் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். மிச்சத்தை, டீக்கு வந்த அந்த மாலை செல்வி சொன்னாள். உன் அப்பா சொன்ன அந்த வார்த்தை அவர்கள் தெருவில் பட்டப்பெயராகிவிட்டதாம். அவள் அம்மா தண்ணீர் எடுக்கப் போனால் 'பத்தாது' வாரா என்பார்களாம். பள்ளிக்கூடத்தில் செல்விக்கு 'பத்தாது மக' என்றுதான் பெயராம். சத்துணவு வாங்கும்போது ஒரு கரண்டி கூடக் கேட்டதில்லை என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். நம் மாடிக்குக் குடிவரும்போது இருளாயி அவளிடம் சொல்லி அனுப்பியது, வாடகையை அந்தம்மா கேக்குறதுக்கு முந்திக் குடுத்துரணும் என்பதுதானாம். ஒன்றாம் தேதி காலையில், பல் விளக்கிய கையோடு வந்து கொடுத்துவிட்டுப் போவாள். ஒழுங்கான பெண் என்று நானும் மெச்சிக்கொண்டிருந்தேன். தம்பி, அந்த வார்த்தையைச் சொன்னவரின் வீட்டில், ஹாலில் மாட்டியிருக்கும் அவர் படத்துக்குக் கீழே நாற்காலி போட்டு, அவர் மகன் கேட்கிறான், போதுகிறதா என்று. அவள் என்ன சொல்வாள்? ஆப்பிள் என்றுதான் சொல்வாள். மற்றவர்களுக்கு இந்தக் கதை இல்லாமல் இருக்கலாம். ஆனால் அந்த ஊர்களிலிருந்து வந்த எந்தப் பெண்ணின் அம்மாவும் யாரோ ஒருவருடைய பின்வாசலில் துணியை விரித்து நின்றவள்தான். பயமில்லாத இடமாகத்தான் நீ தேர்ந்தெடுத்தாய். சூப்பர்வைசரிடம் இருப்பது பயம். நம் ஹாலில் இருந்தது மானம். பயத்தையாவது தைரியம் சொல்லிப் போக்கலாம்.

உண்மை என்ன என்று கேட்பாய். கேஸ் சிலிண்டர் செல்வி வீட்டில் இருந்தது, பொய்யில்லை. அது விருந்தாளி வந்தால் பற்றவைப்பதற்கு. தினச் சமையல் மொட்டைமாடியில் மூன்று கல் வைத்து, விடுமுறை நாளில் வெட்டிவந்த கருவேல விறகில்தான். என் வெள்ளைச் சேலைகளில் புகை படிகிறது என்று நானே சத்தம் போட்டிருக்கிறேன். மகள் பூங்கொடிக்குப் பள்ளிக்கூட ஷூ சிறிதாகிப்போனபோது விரல் பக்கம் பிளேடால் வெட்டிவிட்டாள். அந்த வருடம் முழுவதும் பிள்ளை அதைத்தான் போட்டது. மகளின் பல்வலியை ஒரு மழைக்காலம் முழுவதும் கிராம்பை வைத்துத் தள்ளிப்போட்டாள். புருஷன் லாரி ஓட்டுகிறவன், வீட்டில் இருக்கும் நாள் குறைவு; கொண்டுவருவதும் லோடு கிடைத்தால்தான். மாதக் கடைசி வரைக்கும் எப்படியோ வந்து சேர்ந்தாள் என்றால் அது ஓவர்டைமால். சட்டைகளைக் கப்பலில் ஏற்றும் தேதி நெருங்கும் வாரங்களில் ஞாயிற்றுக்கிழமையும் வேன் வரும். அந்த வாரங்களின் சம்பளத்தையும் சேர்த்துத்தான் உங்கள் அறிக்கையில் அவள் ஊதியம் என்று போட்டிருக்கிறீர்கள். ஓவர்டைம் சேர்க்காமல் போத வேண்டும் என்பது நான் கண்டுபிடித்த விதி இல்லை. என் மேஜையில் உட்கார்ந்து நீ எனக்குக் கற்றுக்கொடுத்தது. கற்றுக்கொடுத்தவன் மறக்கலாம், நான் கவனமாகக் கேட்டவள்.

தையல் கம்பெனி முதலாளியை ஆவணியில் ஒரு காதுகுத்தில் பார்த்தேன். உன் அப்பாவுக்குத் தெரிந்தவர்தான். சாப்பாட்டுப் பந்தியில் பக்கத்து இலை. உன் வேலையைப் பற்றி நான் பெருமையாகத் தொடங்கியதும் அவர் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே, "அக்கா, ஒங்க மகன் கம்பெனியிலருந்து கூலிய ஏத்துங்கன்னு ஒரு மெயில் வருது. அதே கம்பெனியிலருந்து சட்டைக்கு வெலயக் கொறைங்கன்னு இன்னொரு மெயில் வருது. நான் எந்த மெயிலுக்குப் பதில் போட?" என்றார். அவரும் சாது இல்லை. வாசலில் நின்ற கார் புதிது. ஆனாலும் கேள்வி நியாயமானது. நான் ரசம் கேட்டேன். உன்னைக் கேட்கிறேன். கூலியை ஏற்றச் சொல்கிற நீயும் விலையைக் குறைக்கச் சொல்கிறவரும் ஒரே கட்டடத்தில்தானே உட்காருகிறீர்கள்? மத்தியானம் ஒரே இடத்தில் சாப்பிடுவீர்கள் அல்லவா? ஒரு நாள் அவர் எதிரில் தட்டை வைத்து உட்கார். வாக்குக் கொடுத்தது உங்கள் கம்பெனி. அதை நிறைவேற்றும் செலவு மட்டும் பந்தல்குடி சாலையில் இருப்பவர் தலையில் விழும் என்றால், அது என்ன வாக்கு? இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இங்கே போதவில்லை என்று தெரிந்ததும், இந்தக் கம்பெனி சரியில்லை என்று எழுதி ஆர்டரை வேறு ஊருக்குக் கொண்டுபோய்விடாதீர்கள். அப்படிச் செய்தால் உங்கள் அறிக்கை சுத்தமாகிவிடும். என் கேட்டுக்கு எதிரில் வேன் வராது. இங்கேயே இருந்து, உங்கள் விலையையும் ஏற்றி, இவர்கள் கூலியையும் ஏற்றுங்கள். அதற்குத்தான் வாக்கு என்று பெயர்.

செல்வி போன கதையைச் சொல்கிறேன். திருப்பூரில் அவள் தம்பி இருக்கிறான். அங்கேயும் தையல்தான், ஆனால் இரண்டு ஷிப்ட் பார்க்கலாம், தங்குவதற்கு இடம் தருவார்கள். பூங்கொடி ஒன்பதாவது படிக்கிறாள். படிப்பு கெடக்கூடாது என்று ஊரில் இருளாயியிடம் விட்டுவிட்டாள். திங்கட்கிழமை காலை சாவியைக் கொடுக்க வந்தாள். மாடியைக் கழுவிவிட்டிருந்தாள்; அடுப்புக் கல் இருந்த இடத்தைத் தேய்த்துத் தேய்த்துக் கரியை எடுத்திருந்தாள். பிள்ளையை விட்டுவிட்டு இருப்பாயா என்று கேட்டேன்.

"இருந்துதான ஆகணும். நீங்க தம்பிய ஹாஸ்டல்ல விட்டுட்டு இருக்கலையா?" என்றாள். பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்து, "நீங்கதான் ஒத்தையில என்ன செய்வீகளோ" என்றாள்.

"எனக்கென்ன? எல்லாம் இருக்கு. ஒரு குறையும் இல்ல."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நானும் ஒங்க மகன்கிட்ட இப்பிடித்தாம்மா சொன்னேன்" என்றாள். "வாரேம்மா" என்று பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். வேனுக்கு நின்ற பெண்கள் அவளோடு தெருமுனை வரைக்கும் போனார்கள். டிரைவர் ஹாரன் அடிக்காமல் காத்திருந்தான்.

நான் படித்த கான்வென்ட்டில், எப்படி இருக்கிறாய் என்று யார் கேட்டாலும் நன்றாயிருக்கிறேன், நன்றி என்று சொல்லப் பழக்கியிருந்தார்கள். காய்ச்சலில் படுத்திருக்கும்போதும் அதுதான் பதில். நல்ல பழக்கம் என்று உனக்கும் அதைத்தான் சொல்லிக்கொடுத்தேன். இந்த நாலு நாளாக அந்தப் பழக்கத்தைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்கிறேன். மாலை டீயை இரண்டு பேருக்குப் போட்டுவிட்டு, மிச்சத்தை ஊற்றிவிடுகிறேன். நேற்று ஜன்னலோரம் இருந்தபோது பாண்டியம்மா என்னைப் பார்த்துக் கையசைத்தாள். பதிலுக்கு என்ன செய்வது என்று தெரியாமல் பேப்பரைத் திருப்பினேன்.

உன் அறிக்கையில் ஒற்றுப்பிழைகளைத் திருத்திவிட்டேன். 'தங்கள் ஊதியம் வாழ்க்கைக்குப் போதுமானதாக உள்ளது எனப் பெண்கள் தெரிவித்தனர்' என்ற வரியில் இலக்கணப் பிழை எதுவும் இல்லை. அதை அடித்துவிட்டேன். அந்த இடத்தில் என்ன எழுதுவது என்பதை நீ போய்த்தான் கேட்டு வர வேண்டும்.

நம் வீட்டில் வைத்துக் கேட்காதே. கல்யாண மகாலிலும் வேண்டாம், ஓட்டலிலும் வேண்டாம். அவர்கள் வீட்டுக்குப் போ. முதலில் இருளாயி வீட்டுக்குப் போ. நீ யார் மகன் என்பதைச் சொல்லிவிட்டே உள்ளே போ. அவள் பேசாமல் இருந்தால் நீயும் பேசாமல் இரு. யாரையாவது கடைக்கு அனுப்பிக் கலர் சோடா வாங்கிவரச் சொல்வார்கள். எதுக்குங்க சிரமம் என்று சொல்லாதே. சர்க்கரை குறைக்கிறேன், வெளியில் குடிப்பதில்லை என்றெல்லாம் சொல்லாதே. பாட்டிலைக் கையில் வாங்கி முழுவதும் குடி. சாப்பிடச் சொன்னால் சாப்பிடு. உனக்குக் கொடுத்து முடித்த பிறகு அவர்கள் உன்னிடம் எதையும் சொல்லலாம், அதில் இழுக்கில்லை. வாங்கிக்கொண்ட கையோடு சொல்லச் சொன்னால்தான் வாய் வராது. போதுமா என்று கேட்காதே. இந்த மாதம் எதைத் தள்ளிப்போட்டீர்கள் என்று கேள். அந்தப் பெங்களூர்ப் பெண்ணையும் கூட்டிப்போ, ஆனால் டேப்லெட்டை வண்டியிலேயே வைத்துவிடச் சொல். ஆண்பிள்ளையிடம் சொல்ல முடியாததைப் பெண்கள் அவளிடம் சைகையிலாவது சொல்வார்கள்.

அங்கே கேட்டு முடித்த பிறகு இங்கே வா. வரும்போது பழக்கூடை, ஸ்வெட்டர், புது மாடல் போன் என்று எதையும் தூக்கிக்கொண்டு வராதே. வெறுங்கையோடு வா. நான் போடுவதை உட்கார்ந்து சாப்பிடு. சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு, எப்படி இருக்கீங்கம்மா என்று கேள். அப்போது சொல்கிறேன்.

அம்மா